புவி அறிவியல் அறிமுக வகுப்பில் ஊடாட்டப் பல்லூடகம்: ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பூமியின் உள்ளமைப்பு, புவித்தட்டுகள், நிலநடுக்கம், எரிமலை, ஆறு, பனியாறு, பருவகாலம், காலநிலை ஆகியவற்றை முதன்முதலாகப் படிக்கும் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர்களுக்கான பக்கம் இது. பள்ளி மேல்வகுப்புக்கும் கல்லூரி முதலாண்டுக்கும் பொருந்தும். கணினியில் தேர்ச்சி தேவையில்லை.

ஊடாட்டப் பல்லூடகம் என்று எதைச் சொல்கிறீர்கள்? வீடியோவும் அதில் சேருமா?

படம், ஒலி, எழுத்து, அனிமேஷன் எல்லாம் சேர்ந்தது பல்லூடகம். மாணவர் ஏதோ ஒன்றைச் செய்ய, அதற்குத் தகுந்தபடி திரையில் இன்னொன்று மாறினால் அது ஊடாட்டம். 'அடுத்து' என்ற பொத்தானை அழுத்துவதை நான் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. பூமி உருண்டையை விரலால் சுழற்றிப் பார்ப்பதையும் அவ்வளவாகச் சேர்க்க மாட்டேன். மாணவர் ஒரு முடிவு எடுக்க வேண்டும். அந்த முடிவு சரியா இல்லையா என்று திரை காட்ட வேண்டும்.

சாதாரண வீடியோவும் இந்த வேலையைச் செய்யும். 1980 மே 18 அன்று அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை வெடித்தபோது எடுத்த படங்கள் வரிசையாகக் கிடைக்கின்றன. அதற்கு முன் பல வாரங்களாக மலையின் வடக்குச் சரிவு வீங்கிக்கொண்டே இருந்தது. அந்த வீக்கத்தைக் காட்டி, அங்கேயே நிறுத்தி, "எந்தப் பக்கம், எந்தத் திசையில் வெடிக்கும்? வரைந்து காட்டுங்கள்" என்று கேளுங்கள். பெரும்பாலோர் நேர் மேலே பீறிடுவதுபோல வரைவார்கள். அடுத்த படத்தில் சரிவே பெயர்ந்து விழுந்து, பக்கவாட்டில் வெடித்திருக்கும். அந்த நேரத்தில் வகுப்பு முழுக்க விழித்திருக்கும்.

மற்ற அறிவியல் பாடங்களைவிடப் புவி அறிவியலுக்கு இது ஏன் அதிகம் தேவைப்படுகிறது?

மேசையில் வைத்துச் செய்து காட்ட முடியாத பாடம் என்பதால்தான். புவித்தட்டுகள் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான் நகர்கின்றன. பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர். மனிதர் தோண்டிய மிக ஆழமான துளைகளில் ஒன்றான ரஷ்யாவின் கோலா ஆழ்துளை 12 கிலோமீட்டரைச் சற்றே தாண்டி நின்றுவிட்டது. அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்பதைப் பெரும்பாலும் அலைகளை வைத்தே ஊகித்திருக்கிறோம். நேரம் மிக மெதுவானது, இடம் மிகப் பெரியது, நடப்பதோ கண்ணுக்குத் தெரியாதது. மூன்றும் ஒன்றுசேர்ந்த பாடம் இது.

இன்னொரு காரணமும் உண்டு. எனக்கு இதுதான் முக்கியம். இந்தத் துறையில் படம் வரைவதே கண்டுபிடிப்பாக இருந்திருக்கிறது. 1950களில் மேரி தார்ப், கப்பல்கள் ஒலியனுப்பி அளந்த ஆழ எண்களை வரிசையாக வைத்து அட்லாண்டிக் கடலடியின் குறுக்குவெட்டுகளை வரைந்தார். நடுக்கடல் மலைத்தொடரின் உச்சி நெடுகிலும் ஒரு பிளவுப் பள்ளத்தாக்கு ஓடுவது அந்தப் படங்களில்தான் தெரிந்தது. கண்டங்கள் நகர்கின்றன என்று ஆல்ஃபிரட் வெகனர் 1912இலேயே சொல்லியிருந்தார். ஆனால் கடலடிப் படமும், 1963இல் வைன், மேத்யூஸ் இருவரும் கடலடிக் காந்தப் பட்டைகளுக்குத் தந்த விளக்கமும் வந்த பிறகுதான் காற்று அவர் பக்கம் திரும்பியது. எண்களைப் படமாக்கி, அந்தப் படத்தைக் கேள்வி கேட்பது இந்த அறிவியலின் அன்றாட வேலை. அதை மாணவர் கையில் கொடுக்கத்தான் நமக்குப் பல்லூடகம்.

நல்ல அனிமேஷன் ஒன்றைப் போட்டுக் காட்டினாலே புரிந்துவிடாதா?

புரிந்ததுபோல இருக்கும். அதுதான் ஆபத்து. அனிமேஷன் வழுக்கிக்கொண்டு ஓடிவிடுகிறது. எதைக் கவனிப்பது என்று தெரிவதற்குள் முடிந்துவிடுகிறது. 2002இல் பார்பரா ட்வெர்ஸ்கியும் அவருடன் சேர்ந்தவர்களும் அதுவரை வந்த ஆய்வுகளை அலசி, அதே தகவல் அசையாத படத்தில் இருந்தால் அனிமேஷனுக்கென்று தனி ஆதாயம் பெரும்பாலும் தெரிவதில்லை என்று எழுதினார்கள். 2007இல் ஹோஃப்லர், லாய்ட்னர் இருவரும் பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது, மொத்தத்தில் அனிமேஷன் பக்கம் ஓரளவு ஆதாயம் தெரிந்தது. ஆக, அது உதவலாம், தானாக உதவிவிடாது.

உதவ வைப்பது வரிசை. முதலில் கணிப்பு, அப்புறம் காட்சி, கடைசியில் விளக்கம். கணிப்பை வாயால் சொல்லவிடாமல் எழுதவோ வரையவோ வையுங்கள். வாயால் சொன்னதை, படம் ஓடி முடிந்ததும் "நான் அதைத்தானே நினைத்தேன்" என்று மனசு மாற்றிக்கொள்ளும். தாளில் இருப்பது மாறாது.

ஹவாய்த் தீவுகளை எடுத்துக்கொள்வோம். தீவுச் சங்கிலியின் வரைபடத்தை மட்டும் காட்டி, எரிமலைக்கு மாக்மா ஊட்டும் சூடான இடம் கிட்டத்தட்ட நிலையாக நிற்கிறது, தட்டுதான் நகர்கிறது என்று சொல்லுங்கள். எந்தத் தீவு மூத்தது, தட்டு எந்தப் பக்கம் போகிறது என்று அம்புக்குறி போடச் சொல்லுங்கள். பாதிப் பேர் தலைகீழாகப் போடுவார்கள். இப்போது சிமுலேஷனை, அதாவது அந்த நகர்வைத் திரையில் நடத்திக் காட்டும் கணினி மாதிரியை, ஓட்டுங்கள். பெரிய தீவில் எரிமலை இன்னும் உயிரோடு இருக்கிறது, வடமேற்கில் உள்ள கவாய் சுமார் 50 லட்சம் ஆண்டு பழையது, அதையும் தாண்டிப் போனால் கடலுக்கடியில் சங்கிலி சட்டென்று வடக்கே திரும்புகிறது. அந்தத் திருப்பத்துக்கு வயது ஏறக்குறைய 4.7 கோடி ஆண்டு. "அங்கே என்ன நடந்திருக்கும்?" என்று நீங்கள் கேட்க வேண்டிய அவசியமே இருக்காது.

ஒரு பாடத்தை முழுதாக எப்படி நடத்துவது? ஓர் உதாரணம் வேண்டும்.

நிலநடுக்கம் எங்கே நடந்தது என்று கண்டுபிடிக்கும் பாடத்தைச் சொல்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த பாடம் இதுதான். வேண்டியதெல்லாம் மூன்று நிலையங்களின் உண்மையான நிலநடுக்கப் பதிவுகள், வரைபடத்தில் வட்டம் போடக்கூடிய ஏதாவது ஒரு கருவி.

முதல் பதிவைத் திரையில் போடுங்கள். எதையும் விளக்காமல், "இந்தக் கோட்டில் எத்தனை தடவை புதிதாக ஏதோ வந்து சேர்கிறது?" என்று கேளுங்கள். முதன்மை அலை முதலில் வரும், இரண்டாம்நிலை அலை பின்னால் வரும். பெயரை அவர்கள் பார்த்த பிறகு சொன்னால் போதும். மேலோட்டில் முதல் அலை நொடிக்குச் சுமார் 6 கிலோமீட்டரும், இரண்டாவது சுமார் 3.5 கிலோமீட்டரும் போகின்றன. "தூரம் கூடக்கூட இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள நேரம் என்னவாகும்?" இங்கே ஒரு கணிப்பு வாங்குங்கள்.

பிறகு கணக்கு. நூறு, இருநூறு கிலோமீட்டர் தூரத்துக்குள் நடந்த நிலநடுக்கத்துக்கு, இடைவெளி நொடிகளை எட்டால் பெருக்கினால் தூரம் கிலோமீட்டரில் ஏறக்குறைய வந்துவிடும். இடைவெளி 25 நொடி என்றால் சுமார் 200 கிலோமீட்டர். மாணவர் தானே சுட்டியை இழுத்து இரண்டு அலைகளும் வந்த இடத்தைக் குறிக்க வேண்டும். இதைக் கருவி தானாகக் குறித்துக் கொடுத்தால் பாடம் செத்துவிடும்.

இப்போது வட்டம். ஒரு நிலையம் மட்டும் இருந்தால் நிலநடுக்கம் எங்கே? வட்டத்தின் மேல் எங்கு வேண்டுமானாலும். இரண்டு இருந்தால் வட்டங்கள் வெட்டும் இரண்டு புள்ளிகளில் ஒன்று. மூன்றாவது வந்ததும் ஒரு புள்ளி, அதாவது நிலநடுக்க மையத்துக்கு நேர் மேலே தரையில் உள்ள இடம். அடுத்த வட்டத்தைப் போடுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் நிறுத்திக் கேளுங்கள்.

உண்மையான பதிவு என்றால் மூன்று வட்டங்களும் கச்சிதமாக ஒரே புள்ளியில் சேராது. நடுவில் ஒரு சின்ன முக்கோணம் மிஞ்சும். பல ஆசிரியர்கள் இதை மறைக்கப் பார்க்கிறார்கள். மறைக்கவே கூடாது. ஏன் சேரவில்லை? அலையின் வேகம் எல்லாப் பாறையிலும் ஒன்றா? நிலநடுக்கம் தரையிலா நடந்தது, ஆழத்திலா? நாம் குறித்த இடம் சரியா? அறிவியல் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல பத்து நிமிடம் பாடத்திட்டத்தில் வேறெங்கும் கிடைக்காது.

அடுத்த வகுப்பில் அதே அலைகளைப் பூமிக்குள் அனுப்புங்கள். இரண்டாம்நிலை அலை திரவத்தின் வழியாகப் போகாது என்று மட்டும் சொல்லிவிட்டு, நிலநடுக்கத்திலிருந்து சுமார் 104 பாகைக்கு (பூமியின் மையத்தில் அளந்த கோணம்) அப்பால் அது நேராக வந்து சேர்வதில்லை என்ற தரவைக் கொடுங்கள். உள்ளே ஒரு திரவப் பகுதி இருந்தே ஆக வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள். அதன் மேல் எல்லை சுமார் 2,890 கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. வந்திருக்கக் கூடாத இடத்தில் வந்த மெல்லிய முதன்மை அலைகளை வைத்து, நடுவில் தனியாக ஓர் உட்கருவம் இருக்கிறது என்று இங்கே லேமன் என்ற டென்மார்க் அறிவியலாளர் 1936இல் காட்டியதை அப்போது சொன்னால், அது வெறும் பெயரும் ஆண்டுமாக இருக்காது.

சிமுலேஷன் நல்லதா, நிஜத் தரவு நல்லதா?

இரண்டும் வேண்டும். ஒன்றுதான் என்றால் என் ஓட்டு நிஜத் தரவுக்கு. சிமுலேஷன் ஒரு விதியைச் சுத்தமாகக் காட்டும். உலகம் அவ்வளவு சுத்தமாக இல்லை.

யூ.எஸ்.ஜி.எஸ். எனப்படும் அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் உலக நிலநடுக்கப் பட்டியலை இலவசமாகத் தருகிறது. சில ஆண்டுகளின் பெரிய நிலநடுக்கங்களை வெறும் புள்ளிகளாக வரைபடத்தில் போட்டால் போதும். புவித்தட்டு வரைபடத்தைக் காட்டுவதற்கு முன்பே, எல்லைகளை மாணவர்களே வரைந்துவிடுவார்கள். பசிபிக்கின் ஓரம் பளிச்சென்று தெரியும். அட்லாண்டிக்கின் நடுவில் மெல்லிய கோடாக இருக்கும். ஆசியாவின் உட்பகுதியில் புள்ளிகள் பரந்து சிதறிக் கிடக்கும். அங்கே எல்லை எது என்று சண்டை வரும். வரட்டும். கண்டங்கள் மோதும் இடத்தில் எல்லை ஒரு கோடாக இல்லாமல் அகலமான பட்டையாக இருக்கிறது என்பதே அந்தச் சண்டையின் விடை.

பிறகு ஆழத்துக்கு ஏற்ப நிறம் கொடுங்கள். தென்மேற்குப் பசிபிக்கின் டோங்கா அகழி அருகே குறுக்குவெட்டுப் பார்த்தால், புள்ளிகள் சாய்ந்த தளமாக இறங்கி ஏறக்குறைய 700 கிலோமீட்டர் வரை போகும். ஒரு தட்டு இன்னொன்றின் கீழே அமிழ்கிறது என்பதை மாணவர் படத்தில் பார்ப்பது வேறு, தரவிலிருந்து தானே கண்டெடுப்பது வேறு.

படங்களும் அனிமேஷன்களும் தவறான எண்ணத்தை உண்டாக்குமா?

கட்டாயம் உண்டாக்கும். பாடநூல் சொல்லாத தவறுகளைக்கூடப் படம் சொல்லிக்கொடுத்துவிடும். நான் அடிக்கடி காண்பவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, சிவப்பு நிறக் கவசம். மேலோட்டுக்குக் கீழே உள்ள கவசத்தைக் கொதிக்கும் குழம்பாக வரைந்துவிடுகிறார்கள். உண்மையில் அது திடப்பாறை. மிக மெதுவாக, ஆண்டுக்குச் சென்டிமீட்டர் கணக்கில் நகரும் திடப்பாறை. சில இடங்களில்தான் உருகுகிறது: தட்டுகள் விலகும் இடத்தில் அழுத்தம் குறைவதால், தட்டு அமிழும் இடத்தில் நீர் சேர்ந்து உருகுநிலை இறங்குவதால். எரிமலை பூமியின் மையத்திலிருந்து நெருப்பைக் கக்குகிறது என்று எழுதும் மாணவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் பார்த்த படம் அப்படி.

இரண்டாவது, மிகைப்படுத்திய உயரம். மலைகள் தெரிய வேண்டும் என்பதற்காகச் செங்குத்து அளவைப் பல மடங்கு கூட்டுகிறார்கள். ஒரு மீட்டர் விட்டமுள்ள பூகோளத்தில் 8,849 மீட்டர் எவரெஸ்ட் 0.7 மில்லிமீட்டர்தான் இருக்கும். கூகுள் எர்த்தின் கணினிப் பதிப்பில் இந்தப் பெருக்கத்தை மாற்ற அமைப்பு உண்டு. மூன்றில் ஆரம்பித்து ஒன்றுக்கு இறக்கிக் காட்டுங்கள். மலைத்தொடர் தரையோடு படுத்துக்கொள்வதைப் பார்த்து மாணவர்கள் அதிர்ந்துபோவார்கள்.

மூன்றாவது, பூமியின் சுற்றுப்பாதை. சாய்வாகப் பார்ப்பதுபோல வரைவதால் அது நீண்ட நீள்வட்டமாகத் தெரிகிறது. உடனே "சூரியனுக்கு அருகில் வரும்போது கோடை" என்ற எண்ணம் பிறக்கிறது. மிக அருகில் 14.7 கோடி கிலோமீட்டர், மிகத் தொலைவில் 15.2 கோடி, வித்தியாசம் மூன்று சதவீதம் சொச்சம். அதுவும் அருகில் வருவது ஜனவரித் தொடக்கத்தில், வட அரைக்கோளத்தின் குளிர்காலத்தில். ஸ்டெல்லேரியம் என்ற இலவச வானியல் மென்பொருளில் மாதாமாதம் நண்பகல் சூரியனின் உயரத்தையும் அதன் வட்டின் அளவையும் குறிக்கச் சொல்லுங்கள். உயரம் எக்கச்சக்கமாக மாறும், அளவு மாறவே மாறாததுபோல இருக்கும். பருவங்களுக்குக் காரணம் 23.4 பாகைச் சாய்வு என்று அப்போது சொன்னால் அது நிலைக்கும்.

நான்காவது, நிலநடுக்க வட்டங்கள். ரிக்டர் 5க்கு ஒரு வட்டம், 6க்குக் கொஞ்சம் பெரிய வட்டம் என்று போடுகிறார்கள். வெளிப்படும் ஆற்றலோ ஓர் எண் கூடினால் ஏறக்குறைய 32 மடங்கு. இதைச் சொல்லாமல் அந்த வரைபடத்தைக் காட்டுவது சரியில்லை.

எந்தக் கருவிகளை நம்பி எடுத்துக்கொள்ளலாம்?

கூகுள் எர்த் 2005இலிருந்து இருக்கிறது. நிலவடிவங்களைப் பார்க்க அதைவிட எளிதானது இல்லை. அதிலுள்ள டைம்லாப்ஸ் வசதியில் 1984 முதலான செயற்கைக்கோள் படங்கள் ஆண்டுவாரியாக ஓடும். பெருவின் உகயாலி ஆறு வளைந்து, வளைவு இறுகி, கடைசியில் அறுந்து குருட்டு ஆறாகப் பிரிவதை நிஜமாகவே பார்க்கலாம். அலாஸ்காவின் கொலம்பியா பனியாறு இருபது கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கியதும், ஏரல் கடல் வற்றியதும் அங்கேயே இருக்கின்றன.

கடலடிக்கு, கொலம்பியா பல்கலைக்கழகத்தின் லமாண்ட்-டோஹர்ட்டி ஆய்வகம் உருவாக்கிய ஜியோமேப்ஆப். எந்த இடத்திலும் குறுக்குக்கோடு போட்டு உயர வெட்டுப்படம் எடுக்கலாம். தட்டுகளுக்கு, கன்கார்ட் கன்சார்டியத்தின் டெக்டானிக் எக்ஸ்ப்ளோரர், சீஸ்மிக் எக்ஸ்ப்ளோரர் இரண்டும் உலாவியிலேயே ஓடும். முதலாவதில் மாணவரே தட்டுகளைப் பிரித்து, தள்ளிவிட்டு, என்ன ஆகிறது என்று பார்க்கலாம். பசுங்குடில் விளைவுக்குக் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் சிமுலேஷன்.

இடமும் கருவிகளும் இருந்தால் ஏ.ஆர். மணல்தொட்டி (நிஜ மணல் மேல் கணினிப் படம் விழும் தொட்டி) அருமையானது. கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் உருவானது. மணலைக் குவித்தால் அதன் மேலேயே சம உயரக்கோடுகள் ஒளியாக விழும். கையை மேலே நீட்டினால் மழை பெய்து தண்ணீர் ஓடும். சம உயரக்கோடு புரியாமல் திணறும் மாணவர்களுக்கு இதை மிஞ்ச ஒன்றுமில்லை.

வகுப்பில் ஒரே ஒரு திரைதான் இருக்கிறது. இணையமும் வந்து வந்து போகிறது. என்ன செய்வது?

ஒரு திரை தாராளமாகப் போதும். சொல்லப்போனால், ஆளுக்கொரு கணினி கொடுத்து ஆளுக்கொரு பக்கம் தடவிக்கொண்டிருப்பதைவிட அது பல சமயம் நன்றாகவே போகும். கேள்வியைத் திரையில் போடுங்கள், எல்லோரும் தனியாக விடை எழுதட்டும், கையைத் தூக்கி வாக்களிக்கட்டும். பிறகு பக்கத்திலிருப்பவரிடம் தன் விடைக்காக வாதாடட்டும், மறுபடி வாக்களிக்கட்டும். அதற்குப் பிறகுதான் காட்சி ஓட வேண்டும். ஹார்வர்டில் எரிக் மசூர் 1990களின் தொடக்கத்தில் இயற்பியலுக்காக வளர்த்த முறை இது. புவி அறிவியலுக்கு அப்படியே பொருந்தும்.

இணையம் இல்லாத நாளுக்கு முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்: நிலநடுக்கப் பட்டியல் அட்டவணைக் கோப்பாக இறங்கும், செயற்கைக்கோள் படங்களைத் திரைப்பிடிப்பாகச் சேமிக்கலாம், ஸ்டெல்லேரியம் இணையமே இல்லாமல் ஓடும்.

மாணவர்களின் கைபேசிகளைப் பயன்படுத்தலாமா?

அளவிடப் பயன்படுத்துங்கள். பல கைபேசிகளில் முடுக்கமானி இருக்கிறது, சிலவற்றில் காற்றழுத்தமானியும் உண்டு. ஜெர்மனியின் ஆஹன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலி இவற்றின் அளவுகளை வரைபடமாகக் காட்டும். கைபேசியை மேசையில் வைத்து, தள்ளி நின்று தரையில் ஓங்கி மிதித்தால், அதுவே ஒரு நிலநடுக்கப் பதிவு. மாடிப்படி ஏறினால் ஒவ்வொரு எட்டு மீட்டருக்கும் சுமார் ஒரு ஹெக்டோபாஸ்கல் அழுத்தம் குறைவதை அவர்களே பார்க்கலாம். எத்தனை மாடிக்கு எவ்வளவு குறையும் என்று ஏறுவதற்கு முன்பே எழுதி வாங்கிவிடுங்கள்.

பாறை, கனிமங்களுக்கு முப்பரிமாண மாதிரிகள் போதுமா?

போதாது. கையில் கனக்க வேண்டும், நகத்தாலும் இரும்பாலும் கீறிப் பார்க்க வேண்டும், பீங்கானில் தேய்த்துத் தூளின் நிறம் பார்க்க வேண்டும், சுண்ணாம்புப் பாறையில் நீர்த்த அமிலம் நுரைப்பதைப் பார்க்க வேண்டும். திரை இவற்றில் எதையும் தராது. கைக்கு எட்டாத புதைபடிவம், பெரிய பாறை முகம், படிகச் சமச்சீர் ஆகியவற்றுக்கு முப்பரிமாண மாதிரி நல்ல துணை.

களப்பயணத்துக்குப் பதிலாக மெய்நிகர் பயணம் வைக்கலாமா?

போக முடியாத இடத்துக்கும், போக இயலாத மாணவருக்கும் வையுங்கள்; அது பெரிய கொடை. போக முடிகிற இடத்துக்கு அதை முன்னோட்டமாக வையுங்கள். பாறை அடுக்குகளைத் திரையில் பார்த்து, எது முதலில் படிந்தது, எது வெட்டிச் சென்றது என்று ஒரு கதை எழுதிக்கொண்டு போகும் மாணவர், நேரில் அந்தக் கதை நிற்கிறதா என்று தேடுவார். வெறும் கையோடு போகிறவர் படம் எடுத்துக்கொண்டு திரும்புவார்.

கோடிக்கணக்கான ஆண்டுகளை எப்படிப் புரியவைப்பது?

பெரிதாக்கிச் சிறிதாக்கும் காலக்கோடுகள் அழகாக இருக்கும். ஆனால் பெரிதாக்கியவுடனேயே அளவு தொலைந்துவிடும். பத்து லட்சம் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் என்று வைத்து, பெரிதாக்கும் வசதி இல்லாத காலக்கோடு ஒன்றை உருட்டிப் பார்க்க வையுங்கள். பூமியின் 454 கோடி ஆண்டு நாலரை மீட்டராக நீளும். பெரும்பாலான தூரம் ஒன்றுமே நடக்காததுபோல ஓடிக்கொண்டிருக்கும். கேம்ப்ரியக் காலத்தின் தொடக்கம் கடைசி 54 சென்டிமீட்டரில்தான் வரும். டைனோசர்கள் மறைந்தது முடிவுக்கு 66 மில்லிமீட்டர் முன்னால். நம் இனம் தோன்றியது 0.3 மில்லிமீட்டர் முன்னால். இந்த மூன்றையும் எங்கே வைப்பார்கள் என்று முதலில் வெற்றுக் கோட்டில் குறிக்கச் சொல்லுங்கள். உருட்டும்போது வரும் சலிப்பை வெட்டிவிடாதீர்கள், பாடமே அந்தச் சலிப்பில்தான் இருக்கிறது.

காலநிலை மாற்றத்துக்கு எதிலிருந்து ஆரம்பிப்பது?

ஹவாயின் மௌனா லோவாவில் 1958 முதல் அளந்துவரும் கரியமில வாயுத் தரவிலிருந்து. முதல் இரண்டு ஆண்டுகளை மட்டும் காட்டி, அடுத்து வரப்போவதை வரையச் சொல்லுங்கள். ஏறி இறங்கும் அலையைப் பார்த்துவிட்டு, அப்படியே தொடரும் என்று பலரும் வரைவார்கள். முழுத் தரவையும் திறந்தால், பத்து லட்சத்தில் சுமார் 315 பங்கில் தொடங்கிய கோடு 420ஐத் தாண்டி நிற்கும். இரண்டு கேள்விகள் தானாக எழும்: ஆண்டுதோறும் ஏன் ஏறி இறங்குகிறது, மொத்தமாக ஏன் ஏறிக்கொண்டே போகிறது? முதலாவதற்கு விடை வட அரைக்கோளத் தாவரங்கள், இரண்டாவதற்கு முக்கியமாகப் புதைபடிவ எரிபொருள். ஃபெட் சிமுலேஷனை இதற்குப் பிறகு வையுங்கள். அந்த வாயு வெப்பத்தை எப்படிப் பிடித்துவைக்கிறது என்று காட்ட அது போதும்.

பின்னணி இசை, விளக்கக் குரல், திரையில் எழுத்து எல்லாம் வைக்கலாமா?

இசை வேண்டாம். குரல் சொல்வதையே எழுத்திலும் முழுதாகப் போட வேண்டாம். காது கேளாத மாணவர்களுக்கு வசனவரி தனியாக இருக்கட்டும். பெயர்களைப் படத்தின் ஓரத்தில் அடுக்காமல் அந்தந்த இடத்திலேயே எழுதுங்கள். நீண்டதைத் துண்டுகளாக்குங்கள். ரிச்சர்ட் மேயரின் பல்லூடகக் கற்றல் ஆய்வுகள் இவற்றையே வலியுறுத்துகின்றன.

பார்வைக் குறைபாடோ நிறக்குருடோ உள்ள மாணவர்கள் இருந்தால்?

வானவில் நிற வரைபடங்களை விட்டுவிடுங்கள். நிறக்குருடு உள்ளவருக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும் அவை இல்லாத எல்லைகளைக் காட்டும். வெளிர் நிறத்திலிருந்து அடர்நிறத்துக்குச் சீராகப் போகும் நிற வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள், நிறத்தோடு வடிவத்தையும் சேருங்கள். பார்வையற்ற மாணவருக்கு நிலநடுக்கப் பதிவைப் பல மடங்கு வேகப்படுத்திக் கேட்க வைக்கலாம். நில அதிர்வுகள் பெரும்பாலும் காதுக்கு எட்டாத தாழ்ந்த அதிர்வெண்ணில் இருப்பவை. வேகப்படுத்தினால் இரண்டு அலைகளும் தனித்தனியாக வந்து சேர்வது காதிலேயே தெரியும். மற்ற மாணவர்களும் இதைக் கேட்கக் கேட்பார்கள், பாருங்கள்.

நானே அனிமேஷன் தயாரிக்கலாமா?

அதைவிடக் கேள்விகள் தயாரியுங்கள். அனிமேஷன் செய்ய நாள்கணக்கில் ஆகும், பிறர் செய்தது ஏற்கெனவே கிடைக்கும். உங்கள் மாணவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். இன்னொன்று: 2020 டிசம்பர் இறுதியில் ஃபிளாஷ் நிறுத்தப்பட்டபோது, பல ஆண்டுகளாக ஆசிரியர்கள் ஆசையோடு செய்து வைத்திருந்த ஏராளமான புவி அறிவியல் அனிமேஷன்கள் திறக்க முடியாமல் போயின. எதைத் தயாரித்தாலும் சாதாரண வீடியோ, படம், உலாவியில் நேரடியாக ஓடும் பக்கம் ஆகிய வடிவங்களில் வையுங்கள்.

ஒரு வகுப்புக்கு எத்தனை சிமுலேஷன்?

ஒன்று.

மாணவர்கள் நிஜமாகவே கற்றார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

"பிடித்திருந்ததா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. வெற்றுத்தாளைக் கொடுத்து, எந்தப் படத்தையும் பார்க்காமல், அமிழும் தட்டின் குறுக்குவெட்டை வரையச் சொல்லுங்கள்: அகழி எங்கே, எரிமலைகள் எந்தப் பக்கம், நிலநடுக்கங்கள் எந்த ஆழத்தில், எந்த இடத்தில் பாறை உருகுகிறது. வகுப்பில் பார்க்காத ஓர் இடத்தின் நிலநடுக்கப் புள்ளிகளைக் கொடுத்து, அங்கே என்ன வகை எல்லை என்று கேளுங்கள்.

பாடத்துக்கு முன்னும் பின்னும் ஒரே கேள்விகளை வைத்து ஒப்பிட விரும்பினால், லிபார்க்கின், ஆண்டர்சன் இருவரும் 2005இல் வெளியிட்ட புவி அறிவியல் கருத்தாக்கப் பட்டியல் இருக்கிறது. மாணவர்களிடம் உண்மையில் காணப்படும் தவறான எண்ணங்களையே தவறான விடைகளாக வைத்து அமைத்த தேர்வு அது. எந்தத் தவறான விடையை எத்தனை பேர் தேர்ந்தெடுத்தார்கள் என்று பாருங்கள்; மொத்த மதிப்பெண்ணைவிட அது அதிகம் சொல்லும். பாடத்துக்குப் பிறகும் பாதி வகுப்பு கவசம் திரவம் என்றே குறித்திருந்தால், அந்த அத்தியாயத்தில் நீங்கள் காட்டிய ஒவ்வொரு படத்தையும் எடுத்து, எதில் கவசம் குழம்பு நிறத்தில் இருந்தது என்று தேடிப் பார்த்து மாற்றுங்கள்.